கல்சியம் குறையவும் இல்லை, கூடவும் இல்லை

வாசகர் கேள்வி:

மதிப்புக்குரிய டொக்டர், என் மகளுக்கு இப்போது 3 வயதும் 4 மாதமும். பிறந்த நாளிலிருந்தே தோல் சிவந்து, தடித்து, காய்ந்துபோய் இருக்கிறது. முழங்கால், உள்ளங்கை, உள்ளங்கால் எல்லாம் சொரசொரப்பு. தலைமுடி ஐதாகத்தான் வளர்கிறது, புருவம் இல்லை. வெளிச்சத்துக்குக் கண் கூசி அழுவாள். காது கேட்கவில்லை என்பதை ஒன்றரை வயதில்தான் கண்டுபிடித்தோம். போன மாதம் வந்த பரம்பரையலகுப் பரிசோதனை அறிக்கையில் ‘ஜிஜேபி2, டி50என், ஹெட்டரோசைகஸ், கொனெக்சின் 26 ஹெமிசனல்களின் கல்சிய ஒழுங்குபடுத்தல் பாதிக்கப்படும்’ என்று இருக்கிறது. இரத்தத்தில் கல்சியம் 2.4, அது சரியான அளவு என்கிறார்கள். மாமி, கல்சியம் குறைவுதான் காரணம் என்று குளிசை வாங்கி வைத்திருக்கிறா. லண்டனில் இருக்கும் அண்ணர், எங்கள் கிணற்றுத் தண்ணீரில் கல்சியம் கூட, அதை நிறுத்திப்போட்டு போத்தல் தண்ணீர் கொடு என்கிறார். நானும் என் கணவரும் சொந்த மச்சான் மச்சாள். அதனால் வந்த வினை என்று எங்கள் காதுபடவே கதைக்கிறார்கள். இன்னொரு பிள்ளையை நினைக்கவே பயமாக இருக்கிறது.
தென்மராட்சியிலிருந்து ஒரு தாய்

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

முதலில் உங்கள் வீட்டு வழக்கைத் தீர்த்துவிட்டு, பிறகு ஆறுதலாக விளக்குகிறேன். மாமி சொல்வதும் பிழை, அண்ணர் சொல்வதும் பிழை. 2.4 என்பது எந்தப் பிள்ளைக்கும் இருக்க வேண்டிய அளவு. உங்கள் மகளின் உடம்பில் கல்சியம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வைத்தியர் எழுதித் தராத அந்தக் குளிசைப் போத்தலை அலுமாரியில் வைத்துப் பூட்டுங்கள். கிணற்றுத் தண்ணீர் குடிக்கத் தகுந்ததென்று ஏற்கெனவே நீங்கள் எல்லோரும் குடிக்கிறீர்கள் என்றால், அவளும் குடிக்கட்டும். ஊர்வாய் சொல்லும் மச்சான் மச்சாள் கதைக்கும் இந்த நோய்க்கும் தொடர்பில்லை. அதற்குக் கீழே தனியாக வருகிறேன், ஏனென்றால் அந்த வாய்களை அடக்க உங்களுக்கு ஆதாரம் வேண்டும்.

உங்கள் மூன்று பேரையும் குழப்பியது அறிக்கையில் இருக்கும் ஒரு சொற்றொடர்: ‘கல்சிய ஒழுங்குபடுத்தல்’. உடம்பில் கல்சியத்தை ஒழுங்குபடுத்துவதில் கோளாறு என்றுதான் யாரும் வாசிப்பார்கள். பொருள் அதற்கு நேர்மாறு. கல்சியம் ஒரு வாசலை ஒழுங்குபடுத்துகிறது. அந்த வாசல் கல்சியத்தின் சொல் கேட்கவில்லை. கல்சியம் அங்கே குற்றவாளி இல்லை, காவற்காரன்.

தென்மராட்சியில் வளர்ந்த உங்களுக்கு வேலிப் பொட்டைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. இப்போது மதில்கள் வந்துவிட்டன. என் சின்ன வயதில் கிடுகு வேலிதான். பக்கத்து வளவுக்குப் போக ஒழுங்கைக்கு இறங்கிச் சுற்றுவதில்லை. வேலியில் ஒரு பொட்டு இருக்கும், அதற்குள்ளால் உப்பு, நெருப்பு, கறி, செய்தி எல்லாம் போய்வரும். நம் உடம்பின் கலங்களும் அப்படித்தான் வாழ்கின்றன. அடுத்தடுத்து இருக்கும் இரண்டு கலங்களுக்கு நடுவே மிக நுண்ணிய குழாய் ஒன்று இருக்கும். அதன் ஒரு பாதியை இந்தக் கலம் செய்கிறது, மறு பாதியை அந்தக் கலம் செய்கிறது. இரண்டும் முகத்தோடு முகம் ஒட்டினால் முழு வழி. ஒவ்வொரு பாதியும் கொனெக்சின் என்ற புரதம் ஆறு வட்டமாகக் கூடி நிற்பதால் ஆனது. அந்தப் பாதிக்குத்தான் ஹெமிசனல் என்று பெயர்.

அடுத்த கலத்தோடு இன்னும் சேராத பாதி, கலத்தின் சுவரில் தனியாக, வெளிப்பக்கம் பார்த்தபடி நிற்கும். வேலிப் பொட்டு நல்லதுதான். தெருவைப் பார்த்த படலை இரவுபகலாகத் திறந்து கிடந்தால் என்ன ஆகும்? ஆடு மாடு உள்ளே வரும், வளவில் இருப்பது வெளியே போகும். ஆகவே படலைக்குக் கொண்டி வேண்டும். இயற்கை அந்தக் கொண்டியாக வைத்தது கல்சியத்தை.

ஏன் கல்சியம்? கலத்துக்கு வெளியே உள்ள நீரில் கட்டற்ற கல்சியம் லீற்றருக்கு 1.2 மில்லிமோல் அளவில் இருக்கிறது. (உங்கள் அறிக்கையின் 2.4 மொத்தக் கல்சியம். அதில் ஏறக்குறையப் பாதி இரத்தப் புரதங்களில் ஒட்டியிருக்கும்.) கலத்துக்கு உள்ளே இருப்பது அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். வெளியே கல்சியம் வழக்கமான அளவில் இருக்கும்வரை ஹெமிசனல் மூடியே இருக்கும். வெளியே கல்சியம் குறைந்தால் திறக்கும். நல்ல கலத்தில் இப்படித் திறப்பது அபூர்வம், திறந்தாலும் கொஞ்ச நேரம்.

இனி உங்கள் மகளின் அறிக்கைக்கு வருவோம். ஜிஜேபி2 என்பது 13ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கும் பரம்பரையலகு. அது சொல்லித்தரும் புரதம் கொனெக்சின் 26. அதில் 226 அமினோவமிலங்கள் மாலைபோலக் கோத்துக் கிடக்கின்றன. ‘டி50என்’ என்றால், 50ஆவது மணி மாறிவிட்டது என்று பொருள். டி என்பது அஸ்பார்ட்டிக் அமிலத்தின் குறி, என் என்பது அஸ்பரஜினின் குறி. பரம்பரையலகின் 148ஆவது எழுத்தில் ஜி இருக்க வேண்டிய இடத்தில் ஏ வந்ததால் ஏற்பட்ட மாற்றம். ஒரே ஒரு எழுத்து.

அந்த 50ஆம் இடம் எங்கே இருக்கிறது என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. கொனெக்சின் 26இன் வடிவத்தை 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் படிக வடிவில் படம்பிடித்தார்கள். குழாயின் உட்சுவரில், வெளிவாய்க்குக் கிட்ட, இந்த 50ஆவது அஸ்பார்ட்டிக் அமிலம் நிற்கிறது. அதற்கு எதிர்மின் ஏற்றம் உண்டு. பக்கத்துக் கொனெக்சினின் 61ஆம் இடத்தில் லைசின், அதற்கு நேர்மின் ஏற்றம். வாசல் திறந்திருக்கும்போது இவை இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. கல்சிய அயனுக்கு இரட்டை நேர்மின். அது வந்ததும் எதிர்மின் பக்கம் இழுபடும், லைசினின் பிடி விட்டுப்போகும், வாசல் மூடிக்கொள்ளும். மூடுவது கதவு சாத்துவது போலவா, இல்லை நேர்மின் ஏற்றமுள்ளவற்றை விரட்டும் ஒரு தடுப்புப் போலவா என்பதில் ஆய்வுக்காரர்களுக்குள் இன்னும் வழக்கு இருக்கிறது. அது அவர்கள் பாடு. நமக்கு முக்கியமானது: அஸ்பரஜினுக்கு மின்னேற்றம் இல்லை. கல்சியம் வந்தாலும் பிடிக்க ஒன்றுமில்லை. வழக்கமான 1.2 மில்லிமோல் கல்சியம் சுற்றி இருந்தும் உங்கள் மகளின் கலங்களில் இந்தப் படலை ஓரளவு திறந்தே கிடக்கிறது. கொண்டி இருக்கிறது, அதை மாட்டும் வளையம் தேய்ந்துபோயிற்று.

‘ஹெட்டரோசைகஸ்’ என்ற சொல்லையும் பாருங்கள். பரம்பரையலகின் இரண்டு பிரதிகளில் ஒன்று மட்டும் பழுது என்று அர்த்தம். மற்றது நல்லது. நல்லது ஒன்று இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பீர்கள். போதாது, ஒரு சின்னக் கணக்கால். ஒரு வாசலுக்கு ஆறு கொனெக்சின். நல்லதும் பழுதும் சரிபாதியாக உற்பத்தியாகி, கலந்து கூடினால், ஆறுமே நல்லதாக அமைகிற வாய்ப்பு 64இல் ஒன்று. மீதி 63 வாசல்களிலும் குறைந்தது ஒரு பழுதுக்காரர் நிற்பார். எத்தனை பழுது இருந்தால் கசியும் என்பது வேறு கதை, ஆனால் ஒற்றைப் பிரதியின் பிழை முழுவதையும் குழப்புவது இப்படித்தான்.

வாசல் கசிந்தால் கலத்துக்குள் கல்சியம் நுழைகிறது. உள்ளே இருக்கும் பொற்றாசியமும், ஏரீபி என்ற சக்திப் பொருளும் வெளியே போகின்றன. ஏரீபி வெளியே வந்தால் சுற்றுக் கலங்கள் அதை ஆபத்து என்று எடுத்துக்கொண்டு அழற்சியைக் கிளப்பும். தோலுக்கு இதில் தனிச் சிக்கல் உண்டு. தோலின் அடிப்பகுதியில் கல்சியம் குறைவாகவும், மேலே ஏற ஏறக் கூடுதலாகவும் இருக்கும். அந்த ஏற்றத்தைப் பார்த்துத்தான் ஒவ்வொரு தோற்கலமும், இப்போது நான் முதிர வேண்டும், இப்போது காய்ந்து உதிர வேண்டும் என்று முடிவெடுக்கிறது. இந்த வகை விகாரத்தை, அதாவது பரம்பரையலகின் எழுத்து மாற்றத்தை, வைத்து வளர்த்த எலிகளில் வாசற்கசிவு கூடியிருந்ததையும், தோல் தடித்ததையும் பார்த்திருக்கிறார்கள். உங்கள் மகளின் உள்ளங்கையில் நீங்கள் தடவும் சொரசொரப்பு அந்தக் குழப்பத்தின் மேற்பரப்பு.

காதில் என்ன நடக்கிறது? உட்காதின் நத்தைக்குழாயில் ஒரு திரவம் இருக்கிறது. அதில் பொற்றாசியம் மிக அதிகம், கல்சியம் மிகக் குறைவு, லீற்றருக்கு 0.02 மில்லிமோல் அளவுதான். ஒலியை நரம்புக்குக் கொடுக்கும் மயிர்க்கலங்களைத் தாங்கி நிற்கும் கலங்கள் எல்லாம் கொனெக்சின் 26ஐயும் 30ஐயும் நம்பியே வாழ்கின்றன. கல்சியம் ஏற்கெனவே குறைந்த இடத்தில் கொண்டி பழுதான வாசல் என்றால் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

கண், தோல், காது மூன்றும் சேர்ந்து வரும் இந்த நிலைக்கு மருத்துவர்கள் ‘கிட் சின்ட்ரோம்’ என்பார்கள். டி50என் தான் அதில் அதிகம் காணப்படும் விகாரம். கொனெக்சின் 26தான் காரணம் என்று 2002இல் தெரியவந்தது. இதே புரதத்தில் 45ஆம் இடத்திலோ 88ஆம் இடத்திலோ ஏற்படும் சில மாற்றங்கள் இன்னும் கடுமையானவை. அந்தக் குழந்தைகள் பெரும்பாலும் முதல் வயதைத் தாண்டுவதில்லை. உங்கள் பிள்ளையின் நோயைத் தேடி அண்ணர் இணையத்தில் ஏதும் வாசித்திருந்தால், அந்தப் பயங்கரமான பக்கங்கள் அவற்றைப் பற்றியவையாக இருக்கலாம். அறிக்கையில் உள்ள எழுத்தையும் எண்ணையும் பொருத்திப் பார்க்காமல் ஒன்றையும் வாசிக்க வேண்டாம் என்று அவருக்குச் சொல்லுங்கள்.

அண்ணர் இன்னொன்றையும் கண்டுபிடித்துக்கொண்டு வரக்கூடும், ஆகவே முன்கூட்டியே சொல்கிறேன். அந்த 45ஆம் இட விகாரமுள்ள கொனெக்சினை ஆய்வுகூடக் கிண்ணத்தில் கலங்களுக்குள் ஏற்றியபோது கலங்கள் செத்தன. சுற்றியிருந்த நீரில் கல்சியத்தைக் கூட்டியபோது பிழைத்தன. உண்மையான முடிவு, வாசல் கசிவதுதான் கலத்தைக் கொல்கிறது என்பதைக் காட்டிய முக்கியமான சோதனை. இதை வாசித்தால் மாமியின் பக்கம் நியாயம் இருப்பதுபோலத் தோன்றும். கிண்ணத்துக்கும் பிள்ளைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்: கிண்ணத்தில் கல்சியத்தை எவ்வளவும் ஏற்றலாம். உடம்பில் கழுத்தடியில் இருக்கும் பரதைரொயிட் சுரப்பிகள் இரத்தக் கல்சியத்தை 2.1க்கும் 2.6க்கும் நடுவே இறுக்கிப் பிடித்திருக்கின்றன. நீங்கள் குளிசை கொடுத்தால் குடல் கொஞ்சத்தை எடுக்கும், சிறுநீரகம் மிச்சத்தை வெளியே தள்ளும். எல்லையை மீறி ஏறினால் சத்தி, மலச்சிக்கல், சிறுநீரகக் கல், இதயத் துடிப்பில் கோளாறு. கிண்ணத்தில் காப்பாற்றிய அளவுக்கு ஒரு குழந்தையின் இரத்தத்தை உயர்த்தினால் வாசல் மூடுவதற்கு முன் பிள்ளை போய்விடும்.

அதே காரணத்தால் கிணற்றுத் தண்ணீரும் தப்பித்துக்கொள்கிறது. யாழ்ப்பாணம் முழுக்கச் சுண்ணக்கல்லின் மேல் இருக்கிறது, நம் கிணறுகளின் தண்ணீர் வன்மையானது. உங்கள் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருக்குமே, சுரண்டினால் செதிளாக வருமே, அது கல்சியம் காபனேற்றுத்தான். நல்ல நீரைக் கொடுத்தாலும் வன்னீரைக் கொடுத்தாலும் இரத்தத்தில் அது அசைவதில்லை. போத்தல் தண்ணீருக்குச் செலவழிக்கும் காசை நான் கீழே சொல்லும் வேறொன்றுக்கு வையுங்கள்.

அண்ணர் தவறான வாசலால் சரியான வளவுக்குள் வந்திருக்கிறார் என்றும் சொல்ல வேண்டும். குடிக்கிற தண்ணீரில் பிரச்சினை இல்லை; குளிக்கிற தண்ணீரில் இருக்கிறது. நம் கிணற்றடியில் சவர்க்காரம் நுரைக்க எவ்வளவு பாடுபடுகிறது என்று உங்களுக்குத் தெரியும். சவர்க்காரமும் கல்சியமும் சேர்ந்தால் கரையாத ஒரு பசை உண்டாகிறது. வாளியின் விளிம்பில் சாம்பல் நிறமாக ஒட்டியிருப்பது அதுதான். அதுவே பிள்ளையின் தோலிலும் ஒட்டும். நல்ல தோலே அதில் வறளும், உங்கள் மகளின் தோல் என்ன பாடுபடும்? சவர்க்காரத்தை முழுவதும் நிறுத்துங்கள். சீயாக்காய், அரப்பு, கடலைமாவும் வேண்டாம். கிளினிக்கில் எழுதித் தரும் களிம்பையே, எமல்சிபையிங் ஒயின்ற்மென்ட் போன்றது, கொஞ்சம் தண்ணீரில் குழைத்துச் சவர்க்காரத்துக்குப் பதிலாகப் பூசிக் கழுவுங்கள். பத்து நிமிடம் இளஞ்சூட்டுத் தண்ணீரில் வைத்து, துவாயால் ஒற்றி எடுத்து, ஈரம் காயுமுன் வெள்ளை வஸ்லினைத் தாராளமாகத் தடவுங்கள். ஒரு நாளைக்கு மூன்று நான்கு தரம். போத்தல் தண்ணீர்க் காசு இதற்கு.

வாசனை போட்ட எண்ணெய்கள் வேண்டாம். செதிள் உரிக்க என்று கடைகளில் விற்கும் சாலிசிலிக் அமிலக் களிம்பைக் குழந்தையின் உடம்பெங்கும் பூசவே கூடாது. தோலினூடாக இரத்தத்துக்குள் இறங்கி நஞ்சாகும். யூரியாக் களிம்பு வெடிப்பில் பட்டால் எரியும், பிள்ளை கத்துவாள், வைத்தியரின் சொற்படி மட்டும். கீரிமலைக் கேணியில் முழுக வைக்கச் சொல்லி யாராவது இதற்குள் சொல்லியிருப்பார்கள், கதையில் வரும் இளவரசி மாருதப்புரவீகவல்லியின் குதிரை முகமே அங்கே மாறியதல்லவா என்று. நேர்த்தி இருந்தால் நீங்கள் போய் முழுகிவிட்டு வாருங்கள். வெடிப்புள்ள தோலைப் பலர் குளிக்கும் கேணியில் இறக்க வேண்டாம். இந்தப் பிள்ளைகளுக்குத் தோலில் பக்ரீரியாவும் பூஞ்சணமும் சுலபமாகத் தொற்றும். இதை நான் சொல்லக் காரணம் பக்தி இல்லாமை அல்ல. நாற்றம், சீழ், திடீர்ச் சிவப்பு, காய்ச்சல் எதுவென்றாலும் அன்றே ஆஸ்பத்திரிக்கு.

வெக்கைதான் எனக்கு அதிகம் பயம். தடித்த தோல் வியர்வைத் துவாரங்களை அடைத்துவிடும். வியர்க்காத உடம்பு சூட்டை வெளியே விடாது. முன்பொரு சித்திரை மாதம், இதேபோன்ற தோல் நோயுள்ள ஒரு பையனைக் ‘காய்ச்சல் 103’ என்று தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். இரத்தம் எடுத்தோம், சிறுநீர் பார்த்தோம், தொற்று ஒன்றும் இல்லை. தகரக் கூரை வீடு, மத்தியானம், மின்சாரம் நின்றிருக்கிறது. நனைத்த துவாயைப் போர்த்தி மின்விசிறிக்கு முன்னால் இருத்தியதும் அரை மணித்தியாலத்தில் இறங்கியது. அதற்குப் பிறகு அந்தத் தாய் எங்கே போனாலும் தண்ணீர் தெளிக்கும் போத்தல் ஒன்றைக் கைப்பையில் வைத்திருப்பா. நீங்களும் ஒன்று வாங்குங்கள்.

விற்றமின் டியைப் பற்றியும் கேளுங்கள். இப்படித் தோல் தடித்த பிள்ளைகளில், அதுவும் வெயிலுக்குக் கண் கூசி வீட்டுக்குள்ளேயே இருப்பவர்களில், அது குறைவதுண்டு. இரத்தத்தில் பார்த்துக் குறைவென்றால் வைத்தியர் தருவார். அது எலும்புக்கு. படலைக்கல்ல.

கண்ணைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னாலும் பாரமாக எடுங்கள். கருவிழி மேல் இரத்தக் குழாய்கள் படர்ந்தால் பார்வை மங்கும், மங்கியதைத் திருப்பி எடுப்பது கடினம். வெளிச்சம் கூசுவது அடம்பிடிப்பு இல்லை, கண் நோகிறது. கண் கிளினிக் திகதியை ஒன்றும் தவறவிட வேண்டாம். செயற்கைக் கண்ணீர்த் துளியும், அகலத் தொப்பியும், கறுப்புக் கண்ணாடியும் வேண்டும். தோலுக்காக யாரேனும் ரெற்றினொயிட் வகை (விற்றமின் ஏயைச் சார்ந்த) மருந்து தொடங்கினால், கண் வைத்தியருக்கும் தெரியப்படுத்துங்கள். அவை கருவிழியைக் கெடுத்த சந்தர்ப்பங்கள் உண்டு.

காதுக்கு நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒன்றரை வயதில் தெரிந்தது, இப்போது மூன்று தாண்டிவிட்டது. மொழி மூளையில் ஊன்றும் வயது இதுதான். செவிப்புலக் கருவி போட்டிருக்கிறீர்களா என்று கடிதத்தில் எழுதவில்லை. போட்டிருந்தால் வாரம் ஒருமுறை காதுக் குழாயைப் பாருங்கள். தோற்செதிளும் குறும்பியும் சேர்ந்து அடைத்துவிடும், கருவி வேலை செய்யவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். நீங்கள் கிண்ட வேண்டாம், ஈஎன்ரீ (காது மூக்கு தொண்டை) கிளினிக்கில் எடுப்பார்கள். கருவி போதாதென்றால் கொக்லியர் இம்பிளான்ட், அதாவது சத்திரசிகிச்சையால் உட்காதில் பொருத்தும் கருவி, பற்றிக் கேளுங்கள். இந்த நோயில் அது பயன்தருகிறது. காதுக்குப் பின்னால் வெட்டும் தோல் ஆறுவதில்தான் கவனம் வேண்டும், ஆகவே சத்திரசிகிச்சை செய்பவரும் தோல் வைத்தியரும் முன்கூட்டியே கதைத்துக்கொள்ள வேண்டும். அதற்காகக் காத்திருக்கும் நாட்களில் சைகை மொழி தொடங்கினால் பேச்சு வராமற் போகும் என்று சிலர் சொல்வார்கள். கேட்க வேண்டாம். காது கேளாத பிள்ளைகளும் படிக்கும் கைதடி நவீல்ட் பாடசாலை உங்களுக்குக் கிட்டத்தான் இருக்கிறது. ஒருநாள் பிள்ளையோடு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

இப்போது மச்சான் மச்சாள்.

உங்களைப் போலச் சொந்த மச்சான் மச்சாளாகக் கட்டியவர்கள் தங்கள் பரம்பரையலகுகளில் எட்டில் ஒரு பங்கை ஒரே மூதாதையரிடமிருந்து பெற்றிருப்பார்கள். ஆகவே இரண்டு பிரதியும் பழுதானால் மட்டும் வரும் நோய்கள் அந்தக் குடும்பங்களில் கொஞ்சம் கூடுதலாக வரும். இதே ஜிஜேபி2இலேயே அதற்கு உதாரணம் உண்டு. தோல் கண் எல்லாம் சுகமாக இருக்க, பிறவியிலேயே காது மட்டும் கேளாத பிள்ளைகள் பலருக்கு இந்தப் பரம்பரையலகின் இரண்டு பிரதியும் பழுது. 1997இல் இது தெரியவந்தது. இந்தியாவில் அதில் அதிகம் காணப்படுவது டபிள்யூ24எக்ஸ் என்ற விகாரம். அங்கே புரதமே பாதியில் நின்றுவிடுகிறது, படலையே கட்டுப்படுவதில்லை. தாய்க்கும் தந்தைக்கும் ஒவ்வொரு நல்ல பிரதி இருப்பதால் அவர்களுக்கு ஒன்றும் தெரியாது, பிள்ளைக்கு நான்கில் ஒரு வாய்ப்பு. சொந்தத் திருமணத்தைப் பற்றி ஊர் சொல்வது அந்த வகைக்குப் பொருந்தும்.

உங்கள் மகளுக்கு இருப்பது மற்ற வகை. படலை கட்டுப்பட்டிருக்கிறது, பூட்டவில்லை. அதற்கு ஒற்றைப் பிரதி போதும். அந்த ஒற்றைப் பிரதி உங்களிடம் இருந்திருந்தால் உங்களுக்கே தோலும் காதும் இப்படி இருந்திருக்கும். உங்கள் கணவரிடம் இருந்திருந்தால் அவருக்கு. இரண்டு பேரும் சுகமாக இருக்கிறீர்கள். ஆக இந்த எழுத்துப் பிழை பெரும்பாலும் ஒரு முட்டையிலோ விந்திலோ, அல்லது கரு உருவான வேளையிலோ, புதிதாக நேர்ந்தது. நீங்கள் வேறு நாட்டில் வேறு இனத்தில் கட்டியிருந்தாலும் நேர்ந்திருக்கலாம். இதை அந்த வாய்களுக்கு முன்னால் அவர் சொல்வது நல்லது, நீங்கள் அல்ல. ஏனோ நம் ஊரில் இப்படியான பழி முதலில் தாயின் தலையில்தான் விழுகிறது.

அடுத்த பிள்ளைக்கு முன் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் இருவரின் இரத்தத்திலும் இந்த ஒரு எழுத்தை மட்டும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். முழுப் பரிசோதனை தேவையில்லை, எந்த எழுத்து என்று இப்போது தெரியும் என்பதால் இலகு. பரம்பரையலகு ஆலோசனைக்குக் கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் வசதி இருக்கிறது. கிளினிக்கில் கடிதம் வாங்கிக்கொண்டு போகலாம். இருவரிடமும் இல்லையென்று வந்தால், மறுபடி வரும் வாய்ப்பு மிகக் குறைவு. பூச்சியம் என்று எழுத என் கை வரவில்லை, ஏனென்றால் இரத்தத்தில் தெரியாமல் சில முட்டைகளில் அல்லது விந்துகளில் மட்டும் பிழை ஒளிந்திருந்த குடும்பங்கள் உண்டு. மகள் வளர்ந்து தாயாகும்போது அவளுடைய பிள்ளைக்கு இரண்டில் ஒன்று. அது அவளுடைய காலத்துக் கேள்வி.

மருந்து? கொண்டி மாட்டாத வாசலை வேறொன்றால் அடைக்கப் பார்க்கிறார்கள். ஹெமிசனலில் போய் ஒட்டி அடைக்கும் பிறபொருளெதிரிகள் எலிகளில் சோதிக்கப்பட்டுள்ளன. பழைய மலேரியா மருந்து மெஃப்லோகுயின் இந்த விகார வாசல்களை அடைப்பதையும் ஆய்வுகூடத்தில் கண்டார்கள். 2016இல் மலேரியா இல்லாத நாடென்று சான்றிதழ் வாங்கிவிட்ட எங்களுக்கு இனி அந்த மருந்தோடு கதையில்லை என்று நான் நினைத்திருந்தேன்! தயவுசெய்து அண்ணரிடம் சொல்லி லண்டனிலிருந்து வரவழைக்க வேண்டாம். அது மனநிலையையும் நித்திரையையும் குழப்பும் மருந்து, மூன்று வயதுப் பிள்ளையின் தோலுக்கு யாரும் இன்னும் பரிந்துரைக்கவில்லை.

மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் வாசிக்க முடியாத அளவுக்குச் சின்ன எழுத்தில் அறிக்கை இருக்கும். அதைப் பெரிதாக்கி மூன்று பிரதி எடுத்து, தோல், கண், ஈஎன்ரீ கிளினிக் கொப்பி ஒவ்வொன்றுக்குள்ளும் ஒன்றை ஒட்டுங்கள். ஒவ்வொரு இடத்திலும் முதலிலிருந்து கதை சொல்லத் தேவையிராது. தோலிலோ நாக்கிலோ ஆறாத புண், வளரும் கட்டி எதையாவது கண்டால், எந்த வயதிலும், கிளினிக் நாள் வரும்வரை பார்த்திருக்க வேண்டாம். இந்த நோயில் தோற்புற்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூட.

மாமியிடம் கோபிக்காதீர்கள். குளிசையை விட்டுவிட்டு முருங்கையிலை வறை செய்து கொடுக்கச் சொல்லுங்கள், பிள்ளை விரும்பினால் தின்னட்டும்.